தடுப்புப் பாடம்

காய்ந்த மைதானத்தில் ஒரு வகுப்பே சேர்ந்து ஓடினால், தூரத்தில் மழை வருகிற மாதிரி கேட்கும். அன்றைக்கும் மழையென்று நினைத்துத்தான் ஆசிரியர் அறை ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

வெளியே, கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி எங்கள் தலைமையாசிரியையிடம் எகிறிக்கொண்டிருந்தார்.

"பத்தாம் வகுப்புக்கு இப்ப சர்க்கரை நோய்த் தடுப்புப் பாடம். போய்ப் பார்த்தா வகுப்புல ஈ காக்கா இல்ல. பாடம் எங்கே மேடம்?"

அந்த வருடம் விளையாட்டுப் பீரியடை எடுத்துத்தான் அந்தப் பாடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். நடத்த வேண்டியவரும் விளையாட்டு மாஸ்டர்தான். மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அதோ ஓடிக்கிட்டிருக்கு சார்."

"கிண்டலா? புரொஜெக்டர் அனுப்பினோமே, பிரிச்சீங்களா?"

"பெட்டி நல்ல கனம் சார். கோல் போஸ்ட்டா வெச்சிருக்கேன்."

தலைமையாசிரியை தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி கையைத் தட்டி, ஓடி வந்த ஒரு பெண்ணை நிறுத்தினார். வகுப்பில் அவளுக்கு 'ரோடு ரோலர்' என்று பட்டப்பெயர்.

"கணையம் எங்கேம்மா இருக்கு?"

"தெரியாது சார்."

"டைப் டூன்னா என்ன?"

"எங்கம்மாவுக்கு இருக்கே, அது சார். கண்ணு மங்கிப் போச்சு. எனக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னார். வராம பார்த்துக்கலாம், வான்னு மாஸ்டர் கூட்டிட்டு வந்தார். முதல்ல அரை ரவுண்டுக்கே நாக்கு தள்ளிடும். இப்ப நிக்காம ஓடறேன். கூல்டிரிங்ஸையும் விட்டுட்டேன்."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்மா."

"தெரியாது சார்."

அதிகாரி திரும்பினார். "பார்த்தீங்களா மேடம்? நோயைப் பத்தி ஒரு மண்ணும் தெரியல."

மாஸ்டர் குரல் இறங்கிவிட்டது. "என்னை என்ன வேணும்னாலும் செய்ங்க சார். பிள்ளைங்களுக்கு இது ஒண்ணுதான் ஓடற பீரியட். இதை மட்டும் பிடுங்கிடாதீங்க."

பிடுங்கினார்கள்.

அடுத்த வாரம் முதல் உயிரியல் டீச்சர், திரைச்சீலை போட்ட அறையில், புரொஜெக்டரோடு நடத்தினார். 'உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்துகள்' என்ற பாடம் மட்டும் ஒரு மாதம் நடந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டார்கள்.

"நான் நின்னுக்கிட்டே கேக்கட்டுமா டீச்சர்?" என்றாள் அந்தப் பெண்.

"பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்கும். உட்காரு."

மாஸ்டரை என்ன செய்வதென்று யோசித்து, அந்த அறை வாசலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பாடத்துக்கு நடுவே யாரும் எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"நல்ல உத்தியோகம்மா," என்றார் என்னிடம். "ஓட வெச்சவனையே காவலுக்குப் போட்டிருக்காங்க." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருடக் கடைசியில் பரீட்சை வைத்தார்கள். முழு வகுப்பும் பாஸ். அதிகாரியே வந்து பள்ளிக்குக் கேடயம் கொடுத்தார். அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, முதுகில் தட்டினார்.

அவள் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள்.

இருபத்தாறு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது.