தெருமுனை தாண்டும் சத்தம்

படபடவென்று தெருவையே உலுக்கிக்கொண்டு கிளம்பியது எதிர் வீட்டு பைக்.

நர்ஸ் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, இப்போதுதான் கண் அசந்திருந்தாள். தினமும் இதே கூத்து. இவள் கண்ணை மூட வேண்டியது, அவன் வண்டியைக் கிளப்ப வேண்டியது.

ஜன்னலைத் திறந்தாள். கூரியர் வேலைக்குப் போகிற எதிர் வீட்டுப் பையன் பாதித் தெருவைத் தாண்டியிருந்தான். அவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனுடைய அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ பாட்டுக் கேட்பதுபோல நின்றிருந்தாள். அதைத்தான் சகிக்க முடியவில்லை.

"பெத்தவளே நின்னு ரசிச்சா பிள்ளை எப்படி உருப்படும்?" என்று முணுமுணுத்தாள்.

அன்று சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தம்பி, சைலன்சரைக் கழட்டிட்டு பீரங்கியை மாட்டியிருக்கியா?"

அவன் சிரித்து மழுப்பினான். "ஒரு சேஃப்டிக்குத்தான் அக்கா."

"நான் எமர்ஜென்சி வார்டுல இருக்கேன். அடிபட்டு வர்ற எத்தனை பைக் ஓட்டுறவங்களைப் பார்க்கிறேன் தெரியுமா? இந்தச் சத்தம் எவனையும் காப்பாத்தாது. சைலன்சர் எங்க இருக்கு? பின்னாடி. சத்தமும் பின்னாடிதான் போகும். ஆபத்து எங்கிருந்து வருது? முன்னாடி. அவ்வளவு அக்கறை இருந்தா நல்ல ஹாரனா ஒண்ணு மாட்டு. எதிர்ல வர்றவனுக்குக் கேட்கட்டும். பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

அவன் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"மாத்திடுப்பா," என்றாள் அம்மா. "பாவம், அவங்க தூங்க வேண்டாமா?"

மாற்றியும் விட்டான். உரத்த ஹாரன் ஒன்றும் மாட்டிக்கொண்டான். ஆனால் அதை அவசியத்துக்குத்தான் அடித்தான். வண்டி கிளம்புவதே தெரியவில்லை. நர்ஸ் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். நியாயம் பேசி ஜெயித்த தூக்கம் அல்லவா, அதில் ஒரு தனி சுகம்.

ஒரு நாள் காலையில் பஸ் தாமதம். அவள் தெருவுக்குள் நுழையும்போது, அவன் பைக் பூனை மாதிரி அவளைக் கடந்து போனது. அவனுக்குப் பின்னால், வெகு தூரத்தில், அம்மா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டுப் போயிட்டானா?"

"இல்லம்மா. முனையைத் தாண்டிட்டானா? நீ பார்த்தியா?"

"தாண்டிட்டானே. பெரிய ரோட்டுல ஏறிட்டான்."

அம்மா பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எனக்குப் பெரியவன் ஒருத்தன் இருந்தான்மா. நீ இங்க குடிவர்றதுக்கு முன்னாடி. அவன் வண்டி சத்தமே போடாது. டாட்டா காட்டிட்டுப் போனான். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். துணி துவைச்சேன். பாட்டு வேற பாடிக்கிட்டு துவைச்சேன். காயப் போடும்போதுதான் வந்து சொன்னாங்க. அவ்வளவு நேரமும் இந்த முனையிலதான் அடிபட்டுக் கிடந்திருக்கான். கூப்பிடு தூரம்."

நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறம் சின்னவன் கிளம்பினா என்னால உள்ளே போக முடியலை. அதான் அந்தச் சைலன்சரை மாட்டினான். முனையைத் தாண்டி ரோட்டுல ஏறினா சத்தம் மாறும். அது காதுல விழுந்ததும் நான் போய் என் வேலையைப் பார்ப்பேன். உன் மேல தப்பு இல்லம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்டு என்ன ஆகப்போகுது என்று இவள் காதுபடத்தானே கேட்டோம்? அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அன்று அவள் தூங்கவே இல்லை. சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்தும்போதே எதிரில் போய் நின்றாள்.

"அந்தச் சைலன்சரையே திரும்ப மாட்டிடு தம்பி. நான் எப்படியாவது தூங்கிக்கிறேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வேண்டாம்கா. தெருவுல கைக்குழந்தைங்க இருக்கு. நீங்க சொன்ன ஹாரனே போதும். முனைக்கு முன்னாடி ஒரு தடவை அடிக்கிறேன். அது எதிர்ல வர்றவனுக்கு. தாண்டினதும் ஒரு தடவை அடிக்கிறேன். அது அம்மாவுக்கு."

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. எதிர் வீட்டு வாசலில் அம்மா நிற்பாள். இந்த வீட்டு வாசலில், தூக்கக் கலக்கத்தோடு நர்ஸ் நிற்பாள்.

நர்ஸ் வீட்டு மாடிக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். வந்த மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முதல் ஹாரன் அலறி ஓய்ந்தது. பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார்.

"காலங்காத்தால என்ன ஹாரன் இது, காது கிழியுது. அதை ரெண்டு பேரு கண்ணை மூடிக்கிட்டு நின்னு ரசிக்கிறீங்க வேற."

நர்ஸ் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

"கொஞ்சம் பேசாம இருங்க சார். இன்னும் ஒண்ணு வரணும்."