பாலத்துக்குப் பிரிவுபசார விழா

பேசும் பாலங்களை அவற்றின் சம்மதமில்லாமல் மூடக்கூடாது. தூணெல்லாம் விரிசலோடு நின்ற பழைய நெடுஞ்சாலைப் பாலம், விழா எடுத்தால் ஓய்வு பெறுவதாக ஒப்புக்கொண்டது. காவலாளி பூங்கோதைக்கு நிம்மதி. அவள் கணவன் மாசிலாமணி தினமும் அதன்மேல்தான் பேருந்து ஓட்டினான்.

மேடையில் எம்.எல்.ஏ. வழக்கம்போல் அளந்தார். "இன்னும் நூறு வருஷம் தாங்குற உடம்பு இது!"

"அப்ப நான் எதுக்குய்யா ஓய்வு பெறணும்?" என்ற பாலம், வண்டிகளை மறித்திருந்த தடுப்பைத் தூக்கியது. பேருந்தோடு முதல் ஆளாக நின்ற மாசிலாமணி கியரைப் போட்டான்.

பூங்கோதை மைக்கைப் பிடுங்கினாள். "யோவ் பாலம், பிரிவுபசாரத்துல எல்லாரையும் அப்படித்தான் புகழுவாங்க! பூனை நடந்தாலே நீ ஆடுற!"

தடுப்பு படாரென்று இறங்கியது. "இனி ஒரு பயலையும் சுமக்க மாட்டேன்," என்று விசும்பியது பாலம்.

"ரொம்ப சந்தோஷம்," என்ற பூங்கோதை, மைக்கிலேயே கணவனைப் பார்த்துக் கத்தினாள். "இன்னும் என்னய்யா பார்க்கிறே? வண்டியைத் திருப்பு!"