அடுத்த வரி மட்டும்

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சின்னப் பிழை: கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் அலைக்குறி போட்டுவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதியதும் 'சின்ன' என்பதை மட்டும் அடித்துவிட்டாள்.

ஸ்கேன் சென்டரின் இணையப் பக்கம்தான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. 'டாக்டர் விடுப்பு' என்ற வரிக்கு அடுத்துள்ள நேரத்தின் மேல் குறுக்குக் கோடு விழ வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் கூட்டல் குறி, ஒட்டி நிற்கும் அடுத்த வரியை மட்டும் தொடும். அலைக்குறி (~) பின்னால் வருகிற அத்தனையையும் தொட்டுவிடும்.

காலையில் அவசரமாக மாற்றியது. மாலைக் கணினி வகுப்பில் மடிக்கணினியைத் திறந்தபோதுதான் பார்த்தாள். காலை ஒன்பதிலிருந்து கடைசி வரைக்கும் கோடு.

திருத்திவிட்டாள். ஆனால் வகுப்பில் இணையம் படுத்துக்கிடந்ததால் தளத்தில் ஏற்ற முடியவில்லை. பகலெல்லாம் யார் பார்த்தார்களோ, யார் திரும்பிப் போனார்களோ.

அப்பாவுக்கும் அங்கேதான் ஸ்கேன், இன்று மூன்று மணிக்கு. கழுத்துக் கட்டிக்கான பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர். கூட வருகிறேன் என்றதற்கு, நான் என்ன பச்சைக் குழந்தையா என்று விரட்டியவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னாள்: "தப்பு பண்ணிட்டேன்ப்பா. எல்லா நேரத்துக்கும் கோடு விழுந்துடுச்சு. நீங்க போனீங்களா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. பிறகு மறுபடி உரித்தது.

"பாத்தேன், பாத்தேன். டாக்டர் இல்லாத இடத்துல மெஷினை நலம் விசாரிச்சுட்டா வரமுடியும்? பாதி வழியில திரும்பிட்டேன். பரவால்லம்மா, கோடு நேராத்தான் போட்டிருந்தே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் துணிந்த ஒரே நாளைத் தானே கெடுத்துவிட்டோமே என்றிருந்தது.

முதலில் திருத்தியதை ஏற்றிவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தாள். அதற்கு முன் போனில் பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள்.

கோடே இல்லை. விடுப்பு வரியும் இல்லை. போன வாரத்துப் பக்கம் அப்படியே இருந்தது.

காலையில் சேமித்தவள், தளத்தில் ஏற்ற மறந்திருக்கிறாள். அந்தக் கோடுகள் அவளுடைய மடிக்கணினியைத் தாண்டி எங்கேயும் போகவில்லை.

அவள் நிமிர்ந்தாள். அப்பா நிமிரவில்லை. உரித்த வெங்காயத்தையே இன்னும் உரித்துக்கொண்டிருந்தார்.

நாட்குறிப்பைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள்.

நாளை: ஸ்கேன் சென்டரில் மன்னிப்புக் கேட்டு, அப்பாவுக்கு வேறு நேரம் வாங்க வேண்டும். கூட நானும் போக வேண்டும்.