தெருமுனை வரை

கடைசிப் படியில் கால் வைத்ததும் அவள் கணவன் நின்றுவிட்டான்.

கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு மூச்சைத் தேடினான். இஸ்திரி போட்ட சட்டை, குளிருக்கு மேலே ஒரு கோட்டு, முகக்கவசம், தோளில் பை. பார்க்கிறவர்களுக்கு அவன் ஆபீஸ் வேலையாக வெளியூர் கிளம்புகிறவன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டதும், ஷூ கயிற்றைக் கட்டிவிட்டதும் அவள்தான். குனிந்தால் அவனால் நிமிர முடியவில்லை.

"தெருமுனை வரைக்கும் நடந்துட்டா போதும்" என்றாள் காதோரம்.

ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்கும், மூடிக்கிடக்கும் சலவைக்கடைக்குப் பின்னால். சைரன் வேண்டாம், வாசலுக்கு வர வேண்டாம் என்று போனில் கெஞ்சியிருந்தாள். டிரைவர் ஒப்புக்கொண்டான். ஆனால் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டேன், குளிர் ஆரம்பித்ததிலிருந்து போன் ஓயவே இல்லை, வரவில்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லிவிட்டான்.

போன மாதம் எதிர்வீட்டு வாசலில் அப்படியொரு வண்டி வந்து நின்றது. மறுநாளே கேட்டில் தகரம் அடித்தார்கள். பால்காரன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நோயாளி பிழைத்துத் திரும்பி வந்தபோது, வீட்டுக்காரர் வேறு பூட்டு போட்டிருந்தார்.

இந்த அலை போன அலை மாதிரி இல்லை என்று டிவி வேறு காலையும் மாலையும் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

வெளிக் கேட்டில் முதுகைச் சாய்த்தபடி ரேடியோ அண்ணன் நின்றிருந்தார்.

கீழ்வீட்டுக்காரர். வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் மாடி வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் அது. காதோடு சேர்த்து மப்ளர் கட்டியிருந்தார். கேட் பூட்டியிருந்தது. சாவி அவர் கையில்.

அவள் கணவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"எங்கேம்மா, விடிஞ்சும் விடியாம?"

"இவருக்கு ஆபீஸ் வேலை அண்ணே. வெளியூர். கேட்டைக் கொஞ்சம் திறங்களேன்."

"ஆஸ்பத்திரில கட்டில் இல்லாம வராந்தாவுல வரிசையாப் படுக்க வச்சிருக்காங்களாம். ஊரே நடுங்கிக் கிடக்கு, உங்களுக்கு வெளியூர் கேக்குதா?"

சாவி அசையவில்லை. அவர் கண் மட்டும் அடிக்கடி தெருப்பக்கம் போய்த் திரும்பியது.

வண்டியைப் பார்த்துவிட்டார். சந்தேகப்பட்டுத்தான் மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன தம்பி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

ஒரே ஒரு வாக்கியம் பேசினாலும் நடுவில் மூச்சு அறுந்துவிடும். அவன் பேச முயல்வதைப் பார்த்து அவள் முந்திக்கொண்டாள்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை அண்ணே. அந்தக் கோபத்தைத்தான் உங்ககிட்ட காட்டறாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது, யாரிடம் போய் எதைச் சொல்லிவிட்டோம் என்று.

ரேடியோ அண்ணன் பஞ்சாயத்தை ஆரம்பித்துவிட்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் கோபம் என்பது எவ்வளவு நேரம் இருக்கலாம், யார் முதலில் இறங்கி வர வேண்டும், தன் வீட்டில் நடந்தது என்ன.

"உங்க அக்கா இருக்காளே, கோபம் வந்தா அவ பேச மாட்டா. பாத்திரத்தைப் பேச விடுவா!"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண் மறுபடியும் தெருவுக்குப் போனது.

அவள் கணவனின் கையைப் பார்த்தாள். சுவரைப் பற்றியிருந்த விரல்களில் நகம் நீலம் பாரித்திருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

"அண்ணே, பஸ் போயிடும்."

"பஸ்ஸுக்கு என்ன, இன்னொண்ணு வரும். பெண்டாட்டி வருவாளா? தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க..."

தெருவின் கோடியில் ஏதோ ஒரு கதவு தட்டென்று சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ரேடியோ அண்ணன் பேச்சை நிறுத்தினார்.

அவர் பேச்சைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததே இல்லை.

சாவியைப் பூட்டுக்குள் நுழைக்கத் தடுமாறினார். திறந்ததும் விலகி நின்றார்.

"சரி, கிளம்புங்க. பாத்துப் போங்க தம்பி" என்றார். கண் தெருமுனையை விட்டு அகலவில்லை.

அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள் என்றால் வண்டி புறப்படப்போகிறது. இனி யார் பார்த்தால் என்ன? பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கணவனின் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்து, பாதி நடத்தி, பாதி இழுத்து, தெருவைக் கடந்தாள்.

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் நின்றிருந்தது.

டிரைவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். "உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்க. இப்பல்லாம் ரெண்டு ரெண்டு பேராத்தான் ஏத்தறோம். கூட யாரும் வரக் கூடாது. சார் மட்டும் ஏறட்டும்மா."

இருவருமாகத் தூக்கி அவனை உள்ளே உட்காரவைத்தார்கள். டிரைவர் ஆக்சிஜன் குழாயை அவன் மூக்கில் பொருத்தினான். அவன் நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவள் எதிர் இருக்கையைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல நல்ல சேலை. முகத்தில் பவுடர். மடியில் கைப்பை. வாயையும் மூக்கையும் மூடிய ஆக்சிஜன் கவசம்.

கீழ்வீட்டு அக்கா.

அக்கா கவசத்தைக் கொஞ்சமாக விலக்கினாள்.

"ரொம்ப நேரம்... கேட்லயே நிறுத்தி வச்சுட்டாராம்மா?"