காறை எலும்பு

டாக்டர் அவள் கழுத்தில் கிடந்த நீலக் கயிற்றை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு எலும்பைத் தொட்டார்.

ஈவாஞ்சலின் பல்லைக் கடித்தாள்.

எக்ஸ்ரேயில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடப்பக்கக் காறை எலும்பு ரெண்டாகக் கிடந்தது. ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏறியிருந்தது, பஸ்ஸில் தூங்கி அடுத்தவன் தோளில் சாய்கிற ஆள் மாதிரி.

உப்பு லாரி சொட்டிக்கொண்டே போன தண்ணியில் ஸ்கூட்டி வழுக்கிவிட்டது. தூத்துக்குடியில் இதெல்லாம் ஒரு கதையே இல்லை. எங்கே போய்விட்டு வந்தாய் என்று டாக்டரும் கேட்கவில்லை.

ரெண்டு வழி இருக்கிறது என்றார். கீறி, தகடு வைத்து, ஸ்குரூ போட்டு முடுக்கலாம். எலும்பு அநேகமாகக் கூடிவிடும், கையும் சீக்கிரம் வேலைக்கு வரும். ஆனால் தழும்பு விழும், தகடு உறுத்தினால் பிறகு ஒருநாள் எடுக்கவேண்டி வரலாம். வேண்டாமென்றால் கழுத்திலிருந்து தொங்குகிற பையில் கையைப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் சும்மா இருக்கலாம். சிலருக்கு எலும்பு கூடாமலே போவதுண்டு, கூடினாலும் மேடு தட்டும். மற்றபடி ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், எந்த வழியில் போனவர்களுக்கும் கை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். நர்சிங் படித்தாயா என்றார் டாக்டர். பி.காம். என்றாள். சாயர்புரத்தில் அவள் வீட்டில் முதல் பட்டம் அதுதான். துறைமுகத்துக்கு எதிரே சரக்கு கிளியரிங் ஆபீஸில் நாள் முழுக்க ரெண்டு கையாலும் டைப் அடிக்கிற வேலை.

சிலருக்கு எலும்பு கூடாது என்றால், அந்தச் சிலரில் தன் பெயர்தான் முதலில் இருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

முடுக்கிவிடுங்கள் என்றாள்.

சிஸ்டர் பேனாவை எடுத்தார். "அட்டெண்டர் யாரு?"

கூட ஆள் இல்லாமல் அட்மிஷன் கிடையாது. மருந்துக்கு ஓட, கையெழுத்துப் போட, ராத்திரி பெஞ்சில் கிடக்க ஒரு ஆள் வேண்டும்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் அடித்தாள். நேசக்குமார் ஷிப்ட்டில் இருந்தான். மேனேஜர் லீவு தரமாட்டான், மதினிக்குப் பிள்ளைகளைப் பார்க்கவே பொழுது பத்தவில்லை என்றான். அப்புறம் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

"ஏளா, நீ படிச்சவ. ஒனக்கு எதுக்கு ஆளு?"

மதினியின் ரெண்டு பேறுகாலத்துக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தது எவள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வைத்துவிட்டான்.

உள்ளே போய், பையே போதும் என்றாள்.

டாக்டர் சிரித்தார். இத்தனை விவரமாகப் பேசுகிற பெண்ணுக்குக் கத்தி என்றதும் பயம் வந்துவிட்டது பார் என்று சிஸ்டரிடம் சொன்னார். ஈவாஞ்சலின் மறுக்கவில்லை. ஆளில்லாதவள் என்பதைவிடப் பயந்தாங்கொள்ளி என்பது கொஞ்சம் கௌரவமான பேர்.

சிஸ்டர் பையை மாட்டி, முதுகுப் பக்கம் வாரை இழுத்துப் பூட்டினார். தினமும் காலையில் வீட்டில் யாரையாவது இறுக்கிவிடச் சொல்லச் சொன்னார். சரி என்று தலையை ஆட்டினாள்.

தரையிலிருந்த தூக்குவாளியை வலது கையால் எடுத்துக்கொண்டாள். விழுந்த விழுகையில் ஒரு பக்கம் நசுங்கி, கஞ்சியில் பாதி ரோட்டோடு போயிருந்தது.

வராந்தாவுக்கு வந்தபோது மாடிப்படிக்கு மேலிருந்து வார்டு நர்சின் சத்தம் கேட்டது.

"தேவபிரசாதம் அட்டெண்டர் யாரு? எம்புட்டு நேரமாத் தேடுதது?"

தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பையின் வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த நீலக் கயிற்றை உருவி, அதில் தொங்கிய அட்டையை வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டாள். அண்ணன் வராத மூன்று நாளாக அவள் கழுத்தில்தான் கிடக்கிறது. ஆண்கள் வார்டு, குடலிறக்க ஆபரேஷன், அட்டெண்டர்.

"நான்தான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அப்பாவுக்குப் பசித்திருக்கும்.