பம்பு அறைக்கு இரண்டாவது வழி

காத்தான்குடியில் பிற்பகல் வெயில் எரிகிறது. ஜன்னலில் கறுப்புத் துணி அடித்த இந்த அறைக்குள் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் நஸ்ஹாவின் வெள்ளை உடுப்பில் விழுகிறது. கணவர் மௌத்தாகி நாற்பது நாள்; விதவை அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் தனித்திருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை அவள் வெளியே போவதில்லை. திரையில், எங்கோ ஒரு வெளிநாட்டில் கட்டப்போகும் அணுமின் நிலையத்தின் வரைபடம். ஃபோனில், நகரத்து அலுவலகத்திலிருந்து அதைச் சரிபார்க்கும் தனுஷியா. “பம்பு அறைக்கு ஒரு வாசல்தான் போட்டிருக்கீங்க நஸ்ஹா. உள்ளுக்க நிக்கிற ஆள் தப்பி வர ரெண்டு வழி வேணும்தானே. நீங்க இப்பிடி விடுற ஆளில்லையே.” “ஓம், போட்டு அனுப்புறன்.” மின்விசிறி சுற்றுகிறது. வாவிப் பக்கம் மோட்டார் தோணி ஒன்றின் சத்தம் கிட்ட வந்து தேய்கிறது. கதவுக்கு வெளியே தங்கை இர்ஷானாவின் குரல் கேட்கிறது: “ராத்தா, கரண்ட் மீட்டர் பாக்கிற ஆள் வந்திருக்கார். வெளிய வந்திராதீங்க.” “நான் எங்க போற.” நஸ்ஹா பம்பு அறைக்கு இரண்டாவது கதவை வரைகிறாள். உள்ளே இருப்பவர் தள்ளினாலே அது திறந்துவிட வேண்டும். திறக்கும் பக்கத்தைக் காட்டும் வளைகோட்டையும் போடுகிறாள். பிறகு தன் அறையின் ஒரே கதவை நிமிர்ந்து பார்க்கிறாள். கொண்டி அவள் பக்கம்தான் இருக்கிறது.