நேற்று எங்கே போனீர்கள்?

"சீக்கிரம் முடிச்சிடலாம். இருட்டறதுக்குள்ள இன்னும் பதினோரு வீடு பார்க்கணும்."

பயணக் கணக்கெடுப்புக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பேனாவால் படிவத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"புது பஸ் எந்த வழியா விடறதுன்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நேத்து போன இடமெல்லாம் ஒண்ணுவிடாம வேணும்."

"எட்டரைக்குச் சின்னவளை ஸ்கூல்ல விட்டேன். நடந்துதான்," என்றாள் வீட்டம்மா.

"குடும்பத் தலைவர்?"

"ஏழு மணிக்கே கிளம்பியாச்சு. எங்கெங்க சுத்தினாரோ, அவரைத்தான் கேட்கணும்."

"அது இருக்கட்டும். அப்புறம்?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பதரைக்கு ரெண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரி."

"கூட யாரு?"

"யாருமில்லை."

"போன காரணம்?"

"மார்புல ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காங்க. வியாழக்கிழமை ரிசல்ட்."

பேனா நின்றது. 'மருத்துவம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். அவர் போடவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா. அந்தக் கேள்வியும் படிவத்துல இருக்கா?"

படிவம் மடியிலிருந்து நழுவியது.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

பட்டியலில் வந்த எந்த வீட்டையும் விடக் கூடாது என்பது ஆபீஸ் விதி. சொந்த வீடாக இருந்தாலும் சரி, பதில் சொல்வது சொந்த மனைவியாக இருந்தாலும் சரி, கேட்டே ஆக வேண்டும்.

அவள் குனிந்து படிவத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நான் எங்க போனேன்னு நீங்க இன்னைக்குத்தானே கேட்டீங்க?"